ஒருவர் மறுபிறவி என்பதை மற்ற கதாபாத்திரங்கள் தாங்களாகவே ஊகிப்பது ஃபேன்டஸி கதையில் நம்பும்படியாக இருக்குமா?

தாராளமாக ஊகிக்கலாம். யாருமே ஊகிக்கவில்லை என்றால்தான் எனக்கு நம்ப முடியாது.

நீங்களும் தொடர்கதை எழுதுகிறவராகத்தான் இருக்கணும். யாரோ ஒரு வாசகர் "இது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது, லாஜிக்கே இல்லையே" என்று கேட்டிருப்பார். எனக்கும் இதே கேள்வி வந்தது. என் கதையில் ஒரு தளபதி, செத்துப்போன ராணிதான் இந்தக் குயவர் வீட்டுப் பெண்ணாகப் பிறந்திருக்கிறாள் என்று சந்தேகப்படுகிறான். அதே அத்தியாயத்தில் குதிரை பறக்கிறது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை. சந்தேகப்பட்டதுதான் குற்றமாம்.

இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. எங்கள் அப்பத்தா இறந்த அடுத்த வருஷம் நான் பிறந்தேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர். அப்பத்தாவுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம், எனக்கும் அதே இடத்தில் மச்சம். அவ்வளவு போதும், முடிவாகிவிட்டது. பெரியப்பா என்னை "ஆத்தா" என்றுதான் கூப்பிடுவார். அத்தை ஒரு படி மேலே போய், நான் தவழ்கிற வயதில் அப்பத்தாவின் வெற்றிலை இடிக்கிற உரலைக் கிலுகிலுப்பை, சாவிக்கொத்து எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்துப் பார்த்திருக்கிறார். நான் நேராக உரலுக்குப் போனேனாம். பித்தளை உரல், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்திருக்கும். எந்தக் குழந்தைதான் போகாது? ஆனால் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அம்மா மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "உசுரோட இருந்தப்ப பட்டது பத்தாதா, வயித்துல வேற சுமந்து பெத்தேனாக்கும்" என்பார். கத்தரிக்காயை நான் ஒதுக்கினால் அத்தை, "அம்மாவுக்கும் இது ஆகாதே" என்று கண்கலங்குவார். "ரெண்டு போட்டா எல்லாம் ஆகும்" என்பார் அம்மா.

பெரியப்பா விஷயம் வேறு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முறுக்கு வாங்கிக் கொடுத்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஆத்தா, எம்மேல கோவமில்லையே?" என்று கேட்பார். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே "இல்ல" என்பேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். கண்மாய்க்கரையில் அப்பத்தா பேரில் இருந்த வயலை அவர் கேட்காமல் விற்ற கதை, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அவருக்கு அம்மா திரும்பி வந்தாக வேண்டியிருந்தது. என் அம்மாவுக்கோ மாமியார் திரும்பி வரவே கூடாது. இரண்டு பேரும் பார்த்தது ஒரே மச்சம்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆதாரம் எவ்வளவு என்று அளக்காதீர்கள், செத்தவரோடு யாருக்குக் கணக்கு பாக்கி இருக்கிறது என்று பாருங்கள். முதலில் ஊகிப்பவர் அவர்தான். மறுபிறவி உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. பகுத்தறிவு நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றும் சொல்லவில்லை. மற்றவர்களும் சண்டைக்கு வரவேண்டாம். கதைக்குள் நடப்பதைத்தான் பேசுகிறேன்.

மகாபாரதத்தையே எடுங்கள். பீஷ்மர் தூக்கிவந்ததால் வாழ்க்கை கெட்டுப்போன அம்பைதான், அவரைப் பழிவாங்கத் துருபதன் வீட்டில் சிகண்டியாகப் பிறந்தாள் என்று பீஷ்மருக்குத் தெரியும். எப்படித் தெரிந்ததாம்? நாரதர் சொன்னது ஒன்று. அது போக, குருடர், செவிடர் போல வேஷம் போட்ட ஒற்றர்களை அவரே துருபதன் வீட்டுப் பக்கம் அனுப்பிவைத்திருந்ததாக உத்தியோக பருவத்தில் துரியோதனனிடம் சொல்கிறார். அத்தனை பெரிய வீரர் அம்பை விஷயத்தில் உளவு பார்க்க ஆள் வைக்கிறார் என்றால் மனசு எவ்வளவு உறுத்தியிருக்கும்!

சிலப்பதிகாரத்தில் இப்படி இல்லை. வரந்தரு காதையில் கண்ணகியின் தோழி தேவந்திமேல் சாத்தன் என்ற சாமி வந்து சொல்கிறது, மாடலன் என்ற அந்தணன் கமண்டலத்து நீரைத் தெளிக்கிறான், உடனே அங்கிருந்த மூன்று சிறுமிகளும் முற்பிறவி நினைவு வந்து கண்ணகியின் தாயாக, கோவலனின் தாயாக, மதுரையில் அடைக்கலம் கொடுத்த மாதரியாகப் பேசி அழுகிறார்கள். அழுகை அருமை. ஆனால் கூட்டத்தில் ஒருவர்கூடத் தானாக ஊகிக்கவில்லை. சேர மன்னன் செங்குட்டுவனே மாடலன் முகத்தைத்தான் பார்க்கிறான். (இளங்கோவடிகளைக் குறை சொல்கிறாயா என்று வராதீர்கள். அங்கே தெய்வம் பேச வேண்டிய இடம், பேசுகிறது. நம் கதையில் அது சோம்பேறித்தனமாகிவிடும்.)

சோதனை வைக்கப்போகிறீர்கள் என்றால் திபெத்தியர்களிடம் கற்றுக்கொள்ளலாம். 13-ஆவது தலாய் லாமா 1933-இல் இறந்தார். அவரே மறுபடி பிறப்பார் என்ற நம்பிக்கையில் அடுத்தவரைத் தேடி, திபெத்தின் வடகிழக்கே உள்ள அம்தோவில் ஒரு விவசாயி வீட்டுக்குப் போன குழுவின் தலைவர் வேலைக்காரன் வேஷத்தில் போனார். அவர் கழுத்தில் கிடந்த பழைய தலாய் லாமாவின் ஜெபமாலையை இரண்டு வயதுப் பையன் கேட்டான். அத்தோடு விட்டார்களா? பழையவருடைய கைத்தடி, மேளம் முதலியவற்றோடு அதே மாதிரி வேறு பொருட்களையும் கலந்து வைத்து எடுக்கச் சொன்னார்கள். எங்கள் அத்தைக்கு இரண்டாவது உரல் வைக்கத் தோன்றவில்லை.

அப்புறம், உங்கள் கதை உலகத்தில் மறுபிறவி என்ற நம்பிக்கையே இல்லை என்றால் அங்கே யாரும் அதை ஊகிக்க மாட்டார்கள். குழந்தை பெரிய மனுஷி மாதிரிப் பேசினால் பேய் பிடித்திருக்கிறது என்று பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடிப்பார்கள். இதை முதல் சில அத்தியாயங்களிலேயே தெளிவாக்கிவிடுங்கள்.

லாஜிக் பற்றிப் பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்கணும். என் தொடரை யாரோ அப்படியே எடுத்து, ஒரு வீடியோ சேனலில் இயந்திரக் குரலில் படிக்கவிட்டிருக்கிறார்கள். "தளபதி" என்பதைத் "தலபதி" என்கிறது அந்தக் குரல். எனக்கு வருகிற வாசகர்களைவிட அங்கே கூட்டம் அதிகம். கீழே "சூப்பர் கதை சகோ" என்று பாராட்டு வேறு. புகார் அனுப்பினால் நான்தான் எழுதினேன் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். ராத்திரி குழந்தைகள் தூங்கின பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதினதை எப்படி நிரூபிப்பது? சரி, அது என் பாடு.

உங்கள் கதைக்கு வருகிறேன். ஊகிக்கிறவரை மட்டும் எழுதாதீர்கள். செத்தவரால் கஷ்டப்பட்ட ஒருத்தரை அதே வீட்டில் வைத்து, "இல்லவே இல்லை" என்று சாதிக்கவிடுங்கள். நான் ராணியின் நாத்தனாரைக் கொண்டுவந்தேன். லாஜிக் இல்லை என்ற அதே வாசகர் அதற்கப்புறம் லாஜிக்கைப் பற்றி மூச்சுவிடவில்லை, வாராவாரம் நாத்தனாரைத் திட்டித்தான் எழுதுகிறார்.