முடிவை அணித்தலைவனிடம் விடுங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருக்கிறேன். போன ஆண்டு சாரணர் படையை என் பொறுப்பில் கொடுத்தார்கள். அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டேன். 24 பையன்கள், மூன்று அணிகள். சுதந்திர தின அணிவகுப்பு, விழாக்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, விருந்தினருக்கு ஸ்கார்ஃப் அணிவிப்பது எல்லாம் நன்றாகவே நடக்கின்றன. ஆனால் ஒருமுறைகூட அவர்களை வெளியே கூட்டிப்போனதில்லை. அணித்தலைவர் என்று மூன்று பேரைப் போட்டேன். நான் சொல்வதை மற்றவர்களிடம் திருப்பிச் சொல்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பதின்மூன்று வயதுப் பையனிடம் நிஜமான பொறுப்பைக் கொடுக்க முடியுமா? ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே. இரவு முகாம் என்றாலே பெற்றோர் தயங்குகிறார்கள். இரண்டு பேர், "அங்கே யார் சமைப்பாங்க?" என்று கேட்டார்கள். எதற்காகக் கேட்டார்கள் என்று உங்களுக்குப் புரியும். நீங்கள் முன்பு ஒரு படையை நடத்தியவர் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்தேன். வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

* * *

அன்புள்ள ஆசிரியருக்கு,

முடியும். பதின்மூன்று வயதுப் பையனிடம் பொறுப்பைக் கொடுக்கலாம், கொடுத்துத்தான் ஆக வேண்டும். சாரணர் இயக்கத்திலிருந்து அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சீருடையும் அணிவகுப்பும்தான்.

நம் பிள்ளைகள் பள்ளியில் முதன்முதலாகப் பார்க்கும் தலைவன் 'கிளாஸ் லீடர்'. ஆசிரியர் வெளியே போனதும் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவன் வேலை. அவனுக்கு இருக்கும் அதிகாரம் முழுக்க ஆசிரியர் கொடுத்தது. அவன் கண்காணிப்பது தன் கூட்டாளிகளை. தானாக எடுக்கும் முடிவு என்று அவனிடம் ஒன்றும் கிடையாது. உங்கள் அணித்தலைவர்கள் மூவரும் இந்த மாதிரியைப் பார்த்தே வளர்ந்தவர்கள். நீங்கள் சொன்னதை அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள் என்றால் அது அவர்கள் குறை அல்ல. வேறு மாதிரி ஒரு தலைவனை அவர்களுக்கு யாரும் இதுவரை காட்டவில்லை.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமை நினைத்துப் பாருங்கள். சுமார் 20 பையன்கள். ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்த உழைக்கும் குடும்பத்துப் பையன்களும் கலந்திருந்தார்கள். ஓநாய், காளை, அண்டங்காக்கை, கோட்டான் என்று நான்கு அணிகள். கோட்டான் என்றால் ஆந்தை அல்ல, கரையோரத்தில் வளைந்த நீண்ட அலகோடு மேயுமே, அந்தப் பறவை. அணியின் நடத்தைக்கு முழுப் பொறுப்பும் அணித்தலைவனுக்கே. முகாமில் தினமும் இரவு ஓர் அணி தனியாகக் கிளம்பும். மாவு, இறைச்சி, காய்கறி, தேயிலை என்று தன் பங்கை வாங்கிக்கொண்டு, போர்வையும் சமையல் பாத்திரமும் தீப்பெட்டியுமாகப் போய், எங்காவது இடம் பிடித்து, தானே சமைத்து, முறைபோட்டுக் காவல் இருந்து அங்கேயே தூங்கும். மொத்த முகாமிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெரியவர்கள் அதே தீவில்தான் இருந்தார்கள். ஆனால் அந்த அணியின் அடுப்புக்குப் பக்கத்தில் இல்லை.

அவரே பிறகு எழுதினார்: ஒரு படையில் 32 பேருக்கு மேல் வேண்டாம். தன்னால் 16 பையன்களைத்தான் தனித்தனியாக அறிந்து பழக்க முடிந்தது, மற்றவர்கள் தன்னைவிட இரண்டு மடங்கு திறமைசாலிகள் என்று வைத்துக்கொண்டு 32 என்கிறேன் என்று. உங்களிடம் 24 பேர். அத்தனை பேரையும் நீங்கள் ஒருவரே நேரடியாகக் கட்டி மேய்க்கப் பார்த்தால் விசில் ஊதியே ஆண்டு முடிந்துவிடும். மூன்று அணித்தலைவர்களை நீங்கள் பழக்குங்கள். மீதிப் பேரை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்த முடிவைக் கொடுப்பது? சாப்பாட்டில் தொடங்குங்கள். மூன்று அணிக்கும் ஒரு பகல் சமையலுக்கான பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். என்ன சமைப்பது, எவ்வளவு அரிசி, யார் கடைக்குப் போவது, மிச்சக் காசுக்கு யார் கணக்கு என்று எல்லாமே அணித்தலைவன் தன் அணியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் பட்டியலைப் பார்க்கலாம், திருத்தக் கூடாது. ஓர் அணி உப்பை மறந்துவிடும், இது நிச்சயம் நடக்கும். அன்று நீங்கள் உங்கள் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். பக்கத்து அணியிடம் போய்க் கேட்டு வாங்கலாமே என்று அவர்களுக்கே தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் உப்பில்லாமல் சாப்பிடட்டும். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அடுத்த முறை பட்டியலை எழுதும்போது அணித்தலைவன் இரண்டு முறை படிப்பான்.

இதற்காகத்தான் வெளியே போக வேண்டும் என்கிறேன். வகுப்பறையில் ஒரு பையன் எடுக்கும் முடிவின் விளைவு அவனுக்குத் தெரிவதே இல்லை, மதிப்பெண்ணாக மாறி எங்கேயோ போய்விடுகிறது. வெட்டவெளியில் அப்படி இல்லை. தண்ணீரைக் காலையிலேயே குடித்துத் தீர்த்தால் பதினோரு மணிக்குத் தாகம் எடுக்கும். கூடாரக் கயிற்றைச் சரியாகக் கட்டாவிட்டால் காற்றில் அவிழும். யாரும் திட்ட வேண்டியதில்லை.

உங்கள் மாவட்டம் இதற்கு நல்ல இடம். நார்த்தாமலைக்கு ஒரு பகல் நடை வையுங்கள். கண்மாய்க்கரை, முந்திரித்தோப்பு, தைலமரக்காடு வழியாக வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு நடந்து, மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீச்சரம் கோயிலில் முடிக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் போங்கள், அதற்குப் பிறகு அந்தப் பாறை தீயாய்க் காயும். பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. ஐம்பது அடி பின்னால் நில்லுங்கள். அணித்தலைவன் திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பான், முகத்தில் ஒரு குறிப்பும் காட்டாதீர்கள். தப்பான பாதையில் அரை கிலோமீட்டர் போய், கண்மாய் இடப்பக்கம் வர வேண்டியது வலப்பக்கம் வருகிறதே என்று எவனாவது ஒருவன் சொல்வான். பெரும்பாலும் அவன் அணித்தலைவனாக இருக்க மாட்டான். அதைக் காது கொடுத்துக் கேட்டு, சரி திரும்புவோம் என்று சொல்லும் அணித்தலைவன் அந்த இடத்தில்தான் உருவாகிறான்.

கணித ஆசிரியர் என்பதால் உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. காலடி எண்ணித் தூரம் கணக்கிடுவது, கோலின் நிழலையும் கோயில் விமானத்தின் நிழலையும் அளந்து உயரம் சொல்வது, இறங்காமலே வாய்க்காலின் அகலத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் சாரணர் பயிற்சியில் உள்ளவைதான். வடிவொத்த முக்கோணம் வகுப்பில் புரியாத பையன், தன் கோலை நட்டு அளந்தபோது சட்டென்று பிடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்று, விஜயாலய சோழீச்சரம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. தங்குவதோ அடுப்பு மூட்டுவதோ கூடாது, பாறையில் பெயர் கிறுக்கக் கூடாது. இதையும் நீங்கள் சொல்ல வேண்டாம், அணித்தலைவர்களே தங்கள் அணிக்குச் சொல்லட்டும்.

இனி உங்கள் பயம். அது நியாயமானது. எல்லா முடிவையும் பையன்களிடம் விடச் சொல்லவில்லை. உயிர் சம்பந்தப்பட்டவை எப்போதும் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். அதில் முதலில் வருவது தண்ணீர். உங்கள் அனுமதி இல்லாமல் குளத்திலோ ஊருணியிலோ குவாரிக் குட்டையிலோ ஒரு பையனின் கால்கூட நனையக் கூடாது. தமிழில் சிறுகதைக்கு முன்னோடியான வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில் இறந்தது பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில். நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போனார், இருவருமே போய்விட்டார்கள். இந்தச் செய்தியை இன்றும் கோடை விடுமுறையில் வேறு வேறு ஊர்ப் பெயரோடு படித்துக்கொண்டே இருக்கிறோம். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குகிறார். அதனால் குதிக்காமல் கயிறு எறிவதைப் பழக்குங்கள். இழுத்தாலும் இறுகாத வளையம் போடும் போலைன் முடிச்சைத் தேர்வுக்கான முடிச்சாக மட்டும் கற்றுக்கொடுக்காதீர்கள். நுனியில் போலைன் போட்ட கயிற்றை இருபதடி தள்ளி நிற்கிறவன் கையில் விழும்படி வீசப் பழகட்டும். மூடி இறுகிய காலிப் பிளாஸ்டிக் கேனும் மிதவையாக உதவும்.

அப்புறம் இடி, பாம்பு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணச் சொல்லுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் பாறை உச்சி, தனிமரம், வெட்டவெளி எல்லாவற்றையும் விட்டுக் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். அதில் வாக்கெடுப்பு கிடையாது. கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்த வலியே பல நேரம் தெரியாது. கொசுவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிவிட்டுத் தூங்குவது அதற்கு நல்ல பாதுகாப்பு. கடித்துவிட்டால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து, பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மருத்துவமனை எது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்து வைத்திருங்கள். காட்டுப் பகுதிக்கு வனத்துறையின் அனுமதி இல்லாமல் போகவே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தது நமக்கு மறந்துபோகக் கூடாது.

இவை போக மீதி எல்லாவற்றையும் விட்டுக்கொடுங்கள். எதெல்லாம் உங்கள் கையில் இருக்கும், எதெல்லாம் அவர்கள் கையில் என்பதை அணித்தலைவர்களிடம் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கோர்ட் ஆஃப் ஹானர் என்கிற அணித்தலைவர்கள் கூட்டம் அதற்குத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அது நடக்கட்டும், அவர்களில் ஒருவன் தலைமை வகிக்கட்டும், நீங்கள் ஓரமாக உட்காருங்கள். அணித்தலைவனையும் நீங்கள் நியமிக்க வேண்டாம், ஒரு நடை போய் வந்த பிறகு அணியே தேர்ந்தெடுக்கட்டும். நல்ல உயரம், நல்ல குரல், நல்ல மதிப்பெண் உள்ள பையனைத்தான் ஆசிரியர்கள் நாம் எடுப்போம். நான் படை நடத்தியபோது ஓர் அணி தேர்ந்தெடுத்தது அதிகம் பேசாத ஒரு பையனை. நடையில் கடைசியாக வந்தவனுக்காக நின்று நின்று வந்தவன் அவன் ஒருவன்தான். அதைப் பையன்கள் கவனித்திருந்தார்கள். என் கண்ணில் அது படவில்லை.

"யார் சமைப்பாங்க?" என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற விஷயம் வெடித்து, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றது தமிழக அரசியலையே திருப்பியது. அந்தக் குருகுலத்தை நடத்தியவர், கொஞ்சம் முன்பு சொன்ன அதே ஐயர். எவ்வளவோ தியாகம் செய்த மனிதர், பந்தி விஷயத்தில் சறுக்கினார். அதே கேள்வி இன்று உங்கள் வாசலில் வந்து நிற்கிறது. அணியில் எல்லாத் தெருப் பையன்களும் கலந்து இருக்க வேண்டும், சமையல் முறை எல்லோருக்கும் சுற்றி வர வேண்டும், ஒரே பாத்திரத்தில் சமைத்ததை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இது ஆசிரியர் முடிவு. எந்தக் கோர்ட் ஆஃப் ஹானருக்கும் இதை மாற்ற உரிமை இல்லை. கேட்ட பெற்றோரிடம் கோபப்படாமல், "அணிப் பையன்கள் முறைவைத்துச் சமைப்பார்கள், உங்கள் பையனும் சமைப்பான்" என்று மட்டும் சொல்லுங்கள். ஒருவர் இருவர் அனுப்பாமல் இருக்கலாம். இருக்கட்டும்.

எல்லாப் பையன்களும் சாரணராகலாம் என்ற உரிமைக்காகவே ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. இந்தியாவில் 1909-ல் பெங்களூரில் இயக்கம் தொடங்கியபோது வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்குத்தான் இடம், இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் இந்தியப் பையன்களுக்கென்று தனி சாரணர் சங்கமே தொடங்கினார். வடக்கே மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி என்ற தொண்டு அமைப்பின் கீழ் இன்னொன்றை நடத்தினார்கள். எல்லாம் சேர்ந்து இன்றைய பாரத சாரணர் இயக்கமானது 1950 நவம்பரில். அப்படிப் பெற்ற ஒன்றை விழாக்களில் கயிறு பிடித்து நிற்கவைக்க மட்டும் பயன்படுத்துவது எனக்குத் தாங்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. பள்ளிகள் அதைத்தான் கேட்கின்றன. ஆண்டுக்கு இரண்டு விழாவோடு நிறுத்திக்கொள்ளத் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

முதல் இரவு முகாமைப் பள்ளி வளாகத்திலேயே வைத்துவிடுங்கள். கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மழை வந்தால் ஒதுங்க வகுப்பறை இருக்கிறது, பெற்றோர் ஐந்து நிமிடத்தில் வந்து சேரலாம். கூடாரம் இல்லாவிட்டால் தார்ப்பாயும் மூங்கிலும் போதும், இரண்டு கம்புகளைக் குறுக்காக வைத்துக் கயிற்றால் கட்டும் ஸ்கொயர் லாஷிங் பழகின மாதிரியும் ஆயிற்று. தலைமை ஆசிரியரிடமும் மாவட்ட சாரணர் சங்கத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இன்னோர் ஆசிரியரையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தனியாக வேண்டாம். பெற்றோரின் ஒப்புதல் படிவத்தில் பையனுக்கு வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை ஏதாவது உண்டா, என்ன மாத்திரை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மாலை ஏழு மணிக்கு விரும்பிய பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று அந்தப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வருகிறவர்களை வரவேற்றுச் சுற்றிக் காட்டுவது நீங்கள் அல்ல, அணித்தலைவர்கள் மூவரும்தான்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். என்னிடம் பழைய கயிறுகளும் ஆறு திசைகாட்டிகளும் சும்மாதான் கிடக்கின்றன, அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்.