இருபது வயது பிரம்ம கமலத்தை வெட்டலாமா?

கேள்வி: அம்மா வைத்த பிரம்ம கமலத்துக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. அடித்தண்டு மரம்போலப் பழுப்பாகிவிட்டது. அடுக்குமாடி வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகப் பூவே இல்லை. தொட்டி மாற்றினால் செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, கோவை

பதில்: அடித்தண்டு பழுப்பாவது வயதினால்தான். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் கவலை வேண்டாம். மெத்தென்று அமுங்கி வாடை அடித்தால் அழுகல். அன்றைக்கே மேலேயுள்ள நல்ல பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள்.

எப்படியிருந்தாலும், தொட்டியில் கைவைக்கும் முன் மூன்று நான்கு துண்டுகள் எடுத்து வையுங்கள். பழைய செடிக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. நாம் இலை என்று சொல்வது உண்மையில் தட்டையான தண்டு. அதனால்தான் அதன் ஓரப் பள்ளத்தில் மொட்டு வருகிறது, மண்ணில் வைத்தால் வேரும் விடுகிறது. முற்றிய இலையாகப் பார்த்து ஒரு சாண் நீளம் வெட்டி, 5 முதல் 7 நாள் நிழலில் போடுங்கள். வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ள வேண்டும். பச்சையாக நட்டால் அழுகிவிடும். அடிப்பக்கம் எது என்று வெட்டும்போதே குறியிட்டு, அந்த முனையை 2 அங்குல ஆழத்தில் நடுங்கள். அந்தத் துண்டில் வளர்வதும் அம்மா வைத்த அதே செடிதான்.

இனி தொட்டி. இமயமலையில் பூக்கும் பிரம்ம கமலம் வேறு. நம் வீடுகளில் இருப்பது மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துக் காடுகளில் மரக்கிளையைப் பற்றி வளரும் கள்ளி. வேருக்குக் காற்று வேண்டும். இத்தனை வருடத்தில் உங்கள் தொட்டி மண் இறுகிப்போயிருக்கும். தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பெருமணல் 1 பங்கு, ஒரு கைப்பிடி அடுப்புக்கரி கலந்துகொள்ளுங்கள். மட்டையை இரண்டு நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி உப்பை இறக்கிவிட்டுச் சேருங்கள். புதுத் தொட்டி பழையதைவிட 2 அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து, வேரை அழுகவைத்துவிடும். மாற்றிய பிறகு 4 நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள், அறுந்த வேர் ஆறட்டும். இதையெல்லாம் தை, மாசியில் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம்.

பூக்காததற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படும் பால்கனி ஓரத்துக்கு மாற்றுங்கள். உச்சி வெயில் பட்டால் இலை வெளுத்துவிடும். பூக்கவில்லையே என்று கடலைப் புண்ணாக்குக் கரைசலை அடிக்கடி ஊற்றுகிறவர்கள் அதிகம். அதிலுள்ள தழைச்சத்தால் இலைதான் பெருக்கும். குச்சிபோல நீளமாகக் கிளம்பும் உருண்டைத் தண்டை வீண் என்று நறுக்காதீர்கள், அடுத்த இலைகள் அதிலிருந்துதான் வரும். கழிக்க வேண்டுமென்றால் வதங்கிய கிழட்டுக் கிளைகளை மட்டும், அதுவும் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல்.

மொட்டு கண்ணில் பட்டதும் தொட்டியை நகர்த்தவோ திருப்பவோ வேண்டாம். மண்ணையும் வறள விடாதீர்கள், மொட்டு உதிர்ந்துவிடும்.