போர்ட்ஸ்மவுத் 'வாரியர்': எது அசல், எது புதுசு?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். விடுமுறையில் பிள்ளைகளோடு போர்ட்ஸ்மவுத் போய் 'எச்.எம்.எஸ். வாரியர்' என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். 1860-இல் தண்ணீரில் இறக்கிய இரும்புக் கப்பல் துருப்பிடித்துப் போகாமல் எப்படித் தாக்குப்பிடித்தது? அங்கே இருப்பது அசலா, மாதிரியா? எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: கப்பலின் உடல் அசல். உள்ளே இருக்கும் பொருட்களில் பெரும்பகுதி 1980-களில் செய்தது. இதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பீரங்கியைத் தட்டிப் பார்த்தால் டொக்கென்று சத்தம் வரும்; அவற்றில் பெரும்பாலானவை ஃபைபர்கிளாஸ். எஞ்சினும் முகப்புச் சிலையும்கூடப் புதிதாகச் செய்தவைதான்.

துருவுக்கு வருவோம். வாரியரின் உடல் இன்றைய எஃகு அல்ல, தேனிரும்பு. அதை அடித்து உருட்டும்போது கசடு (இரும்பை உருக்கும்போது மிஞ்சும் கழிவு) இழை இழையாக உள்ளேயே தங்கிவிடும். அரிப்பு ஆழமாக இறங்குவதை அந்த இழைகள் தாமதப்படுத்தும். ஆனால் இது பாதிப் பதில்தான். இதே வரைபடத்தில், இதே இரும்பில் கட்டிய 'பிளாக் பிரின்ஸ்' என்ற ஜோடிக் கப்பலை 1923-இல் உடைக்கப் போட்டுவிட்டார்கள். பழைய கப்பல்களுக்குத் துருவைவிடப் பழைய இரும்பு வியாபாரிதான் பெரிய எமன்.

அவரிடமிருந்து வாரியர் தப்பியது எப்படி? அதற்குக் கப்பலின் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும். பிரான்ஸ் 1859-இல் 'குளோவார்' என்ற கவசக் கப்பலை இறக்கியது. அது மரக் கப்பல். மேலே இரும்புத் தகடு போர்த்தியிருந்தார்கள். பிரிட்டன் ஒரு படி மேலே போய் உடல் முழுவதையும் இரும்பில் கட்டியது. நடுப்பகுதிக்கு 4.5 அங்குலக் கவசம், அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. தகடுகளின் விளிம்புகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தார்கள். பார்க்க அழகு, ஆனால் ஒரு தகடு சேதமானால் கழற்றி மாற்றுவது பெரும்பாடு.

அன்றைக்கு அதை எதிர்த்து நிற்க ஒரு கப்பலும் இல்லை. பத்தே வருடத்தில் பாய்மரமே இல்லாத, சுழலும் பீரங்கிக் கோபுரம் வைத்த கப்பல்கள் வந்து அதைப் பழசாக்கிவிட்டன. 1869-இல், கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஒரு மிதக்கும் கப்பல்துறையை மற்றக் கப்பல்களோடு சேர்ந்து அட்லாண்டிக் கடலில் பெர்முடாவுக்கு இழுத்துப் போகும் வேலைக்குக்கூட அனுப்பினார்கள். 1883-இல் படையிலிருந்து எடுத்தார்கள். ஒரு போரிலும் சுட்டதே இல்லை.

பிறகு செய்தது எல்லாம் எடுபிடி வேலை. 1904 முதல் போர்ட்ஸ்மவுத்தில் டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) பயிற்சி தந்த கடற்படைப் பள்ளியோடு சேர்ந்து அதற்கு நீராவியும் மின்சாரமும் கொடுத்துக்கொண்டு கிடந்தது. 1924-இல் விற்பனைக்குப் போட்டபோது வாங்க ஆளில்லை. முதல் உலகப் போர் முடிந்து, உடைக்க வேண்டிய கப்பல்கள் குவிந்து கிடந்த நேரம். 1929-இல் வேல்ஸில் பெம்புரோக் அருகே கொண்டுபோய் எண்ணெய்த் துறையாகக் கட்டிப் போட்டார்கள். எரிபொருள் நிரப்ப வந்த கப்பல்கள் இதன் பக்கத்தில்தான் ஒட்டி நின்றன. கப்பலைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி குடும்பத்தோடு அதிலேயே குடியிருந்தார். 1942-இல் பெயரும் போனது: புதிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுக்கு 'வாரியர்' என்ற பெயர் தேவைப்பட்டதால் இது 'சி 77' ஆனது.

என்னைக் கேட்டால் அந்த ஐம்பது வருடம்தான் இதைக் காப்பாற்றியது. பயன்பாட்டில் இருக்கிற பொருளுக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்கள், ஓட்டையை அடைப்பார்கள். 1979-இல் ஹார்ட்டில்பூலுக்கு இழுத்துப் போய்ச் சீரமைத்து, 1987-இல் போர்ட்ஸ்மவுத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

பார்க்க வேண்டியது: பீரங்கித் தளத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே சாப்பாட்டு மேசை இருக்கும். மாலுமிகள் தின்றதும், இரவில் துணித்தொட்டில் கட்டித் தூங்கியதும் அங்கேதான். கப்பலில் இருந்தவர்கள் சுமார் 700 பேர் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் குறுக்கே நிற்கும் கவசச் சுவர்களையும் கவனியுங்கள். அவற்றுக்கு அப்பால் கவசமே கிடையாது. திசைதிருப்பும் சுக்கான் பொறி அந்தப் பாதுகாப்பில்லாத பின்பகுதியில் இருந்ததுதான் இந்தக் கப்பலின் பெரிய பலவீனம்.

வாட்டர்லூவிலிருந்து ரயிலில் போர்ட்ஸ்மவுத் ஹார்பர் நிலையத்தில் இறங்கினாலே கப்பல் கண்ணில் படும். உள்ளே ஏணிகள் செங்குத்தானவை. வழுக்காத செருப்பு போடுங்கள், கைக்குழந்தை வண்டியை உள்ளே கொண்டுபோக நினைக்காதீர்கள்.