கல்யாண போட்டோ தொழிலுக்கு சாம்பிள் ஆல்பம் இன்னும் தேவையா?

புதிதாகக் கல்யாண போட்டோகிராபி தொடங்குகிறேன், இன்ஸ்டாகிராமிலேயே ஆர்டர் வருகிறது என்கிறார்கள், காசு செலவழித்து சாம்பிள் ஆல்பம் அச்சிட வேண்டுமா, அதில் என்னென்ன படம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் அச்சிடுங்கள். ஈரோடு பக்கம் ஸ்டுடியோ வைத்துப் பல வருடமாகக் கல்யாணம் எடுப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன். இன்ஸ்டாகிராம் பார்த்து நம்மைத் தேடிப் பிடிப்பது பெண்ணோ மாப்பிள்ளையோதான். அட்வான்ஸ் கொடுப்பது பெரும்பாலும் அவர்களுடைய அப்பா, இல்லையென்றால் கல்யாண வேலையை முன்னின்று நடத்தும் ஒரு மாமா. அவர்கள் போனில் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்து முடிவு செய்வதில்லை. "ஆல்பம் ஏதாச்சும் இருந்தா காட்டுங்க தம்பி" என்பார்கள். அந்த நேரத்தில் கையில் கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் பேச்சு நேராக விலைக்குப் போய்விடும். நம்மைவிடக் குறைவாகச் சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார்.

அடுத்தது, என்ன வைப்பது. நிறையப் பேர் பல கல்யாணங்களிலிருந்து நல்ல படங்களாகப் பொறுக்கி ஓர் ஆல்பம் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே கல்யாணத்தை முகூர்த்தக்கால் ஊன்றுவதிலிருந்து பெண்ணை அனுப்பிவைப்பது வரைக்கும் முழுசாகப் போடுங்கள். பணம் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு நம் திறமையைவிட, 'நம்ம வீட்டுக் கல்யாணம் ஒன்றும் விட்டுப்போகாமல் வருமா' என்பதுதான் கவலை. பொறுக்கிய படங்கள் அதற்குப் பதில் சொல்லாது.

ஓர் அம்மா ஆல்பம் பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். ஜோடியை மட்டும் வைத்து எடுத்த அவுட்டோர் பக்கங்களை மளமளவென்று திருப்பிவிடுவார். எங்கள் கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரி செய்யும் சடங்கான இணைச்சீர் பக்கம் வந்ததும் கை நின்றுவிடும். சீர் செய்யும் மாப்பிள்ளையின் தங்கை முகம் தெளிவாக இருக்கிறதா, சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் ஆசீர்வதிக்கும்போது பின்னால் நிற்கும் பெரியவர்களும் படத்தில் வந்திருக்கிறார்களா என்று விரல் வைத்துப் பார்ப்பார். படத்தில் இருப்பது யார் வீட்டு ஆட்கள் என்றே அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அந்த இடத்தில் தன் மகளையும் நாத்தனாரையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "மங்கல வாழ்த்து பாடறப்போ இந்தப் பக்கமிருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டார் என்றால், ஆர்டர் ஏறக்குறைய உறுதி.

அதனால் எந்த வழக்கத்துக் கல்யாணங்களை நீங்கள் அதிகம் எடுக்கப்போகிறீர்களோ, அந்த வழக்கத்திலேயே சாம்பிள் இருக்கட்டும். கொங்கு வீட்டாருக்குச் செட்டிநாட்டுக் கல்யாணத்தைக் காட்டினால் படம் நன்றாக இருக்கிறது என்பார்கள், அதோடு சரி. நிக்காஹ், சர்ச் கல்யாணம் எல்லாம் எடுப்பதாக இருந்தால் அவற்றுக்குத் தனித்தனியாக ஒன்று வேண்டும்.

விரித்த அளவு 12க்கு 36 அங்குலம் போதும், இப்போது பலரும் கேட்பது அதுதான். ஒன்றைக் கவனியுங்கள். 36 அங்குல அகலத்துக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டுமென்றால் 10,800 பிக்சல் தேவை. நம் 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6,000. ஒரே படத்தை முழு விரிப்புக்கும் இழுத்தால் 166 டிபிஐக்கு இறங்கிவிடும். கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்கும் படத்துக்கு அது பரவாயில்லை. அதையே இன்னும் கிராப் செய்து பெரிதாக்கினால் முகம் மசங்கும். போனில் இது தெரியவே தெரியாது. நடுமடிப்பும் அப்படித்தான். தட்டையாக விரியும் பைண்டிங்காகவே இருந்தாலும் நடுவில் கோடு விழும். டிசைனர் தாலி கட்டும் படத்தைப் பக்கத்தின் நடுவில் வைத்து, மடிப்பு பெண்ணின் முகத்தில் ஓடினால் அந்தப் பக்கமே போச்சு.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தயவுசெய்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெளுக்கவைக்காதீர்கள். திரையில் பளிச்சென்று தெரியும் முகம் தாளில் மாவு பூசியதுபோல வரும், கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நிற்கும். மாநிறம் மாநிறமாகவே, கறுப்பு கறுப்பாகவே அழகாக அச்சாகும். வீட்டுப் பெரியவர்கள் பார்த்தவுடனே "ஆள் அப்படியே இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். அதேபோல ரிசப்ஷன் மேடையின் ஊதா எல்இடி வெளிச்சத்தையும், அரக்குப் பட்டின் சிவப்பையும் முதலில் ஓரிரு ஷீட் மட்டும் ஆல்பம் அச்சிடும் லேபில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் முழு ஆல்பத்தைக் கொடுங்கள். மானிட்டரை நம்பி மொத்தமாக அனுப்பாதீர்கள்.

பெட்டி, பை, அட்டை எல்லாம் நீங்கள் சாதாரண பேக்கேஜில் எதைத் தருவீர்களோ அதுவே இருக்கட்டும். விலை கூடிய, பளபளக்கும் மெட்டாலிக் ஷீட்டில் காட்டிவிட்டு, பளபளப்பில்லாத மேட் ஷீட்டில் கொடுத்தால், ஆல்பத்தை வாங்குகிற அன்றைக்கே வீட்டுக்காரர் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். ஷீட் வகைகளைக் காட்ட லேபில் துண்டு மாதிரிகள் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய ஆல்பம் ஸ்டுடியோவிலேயே இருக்கட்டும். அதே டிசைனை 8க்கு 24 அளவில் இன்னும் இரண்டு மூன்று பிரதி எடுங்கள். விகிதம் ஒன்றுதான் என்பதால் டிசைனை மாற்ற வேண்டியதில்லை. பத்திரிகை அடிக்கும் கடை, பிரைடல் மேக்கப் செய்பவர், மண்டப ஆபீஸ் என்று வைக்கலாம். எனக்கு அதிகம் பலன் தந்தது பத்திரிகைக் கடைதான். மாதிரிப் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டு குடும்பமே உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் ஆல்பம் இருந்தால் கை தானாகப் போகும். மண்டபத்தில் வைத்தது சீக்கிரம் அழுக்காகும். அவ்வப்போது போய்ப் பார்த்து மாற்றிவிடுங்கள், ஓரம் பிரிந்த ஆல்பம் நம் வேலையைப் பற்றித் தப்பாகச் சொல்லும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் அந்த வீட்டாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நிறையப் பேர் நினைப்பதுபோல எடுத்தவனுக்குத்தான் படம் சொந்தம் என்பதில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கும் போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். சட்டத்தை விடுங்கள், தன் மகள் படம் ஏதோ ஒரு கடையில் கிடக்கிறது என்று மூன்றாம் ஆள் சொல்லித் தெரிந்தால் எந்த அப்பாவுக்கும் கோபம் வரும். எந்தெந்தப் பக்கம் வருகிறது, எந்தெந்தக் கடையில் வைக்கப்போகிறோம் என்று காட்டிக் கேளுங்கள். சொந்தக்காரப் பெண்களும் குழந்தைகளும் தனியாக இருக்கும் படங்களை அவர்கள் நீக்கச் சொன்னால் நீக்கிவிடுங்கள். சரி என்ற குடும்பத்துக்கு ஒரு சின்னப் பிரதியை இலவசமாகக் கொடுங்கள். அதைப் பெண் வீட்டில் வைத்திருப்பார்கள், அவர்கள் சொந்தத்தில் அடுத்த கல்யாணம் வரும்போது நமக்கு போன் வரும்.

ஆடியில் முகூர்த்தம் இருக்காது, டிசைனருக்கும் வேலை குறைவு. போன தை, மாசியில் எடுத்ததில் நல்ல ஒரு கல்யாணத்தைத் தேர்ந்து அப்போதே முடித்துவிட்டால், அடுத்த தை முகூர்த்தத்துக்கு விசாரிக்க ஆட்கள் வரும்போது காட்டப் புது ஆல்பம் இருக்கும்.