நாலு பக்கக் கடிதமும் நாற்பது நொடி ஜீப் சத்தமும்

(வானொலி நிகழ்ச்சிகளுக்கு எழுதி அனுப்புவது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், பதினேழு வருடம் வானொலியில் கேஷுவல் அறிவிப்பாளராகவும் நிகழ்ச்சி உதவியாளராகவும் இருந்தவர். இப்போது குமுளியில் வசிக்கிறார்.)

எங்கள் தெருப் பெண்கள் தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆட்டு மந்தை மாதிரி அடைத்து ஏற்றுகிறார்கள். தோட்டத்தில் கழிப்பறை கிடையாது. இதைப் பற்றி ஒரு வானொலியின் சமூக நிகழ்ச்சிக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. அவர்களுக்கு அக்கறை இல்லையா, எனக்கு எழுதத் தெரியவில்லையா?
– வாசகர், கம்பம்

தம்பி, அந்தக் கடிதத்தின் நகலையும் கூடவே அனுப்பியிருந்தீர்கள். நல்லதாகப் போயிற்று, படித்துவிட்டேன். முதல் பக்கம் முழுக்க உழைக்கும் மக்களின் அவலம். இரண்டாம் பக்கம் அரசியல் சாசனம். மூன்றாம் பக்கத்தின் அடியில், 'என் தாயாரும் இதே ஜீப்பில்தான் போகிறார்' என்று ஒரே ஒரு வரி. அதைக் கொண்டுபோய் ஏன் அங்கே ஒளித்துவைத்தீர்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு தயாரிப்பாளர், டீ ஆறுவதற்குள் பத்துக் கடிதம் பார்த்துவிடுவார். கல் நெஞ்சக்காரர் இல்லை, அடுத்த ரெக்கார்டிங்குக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். மைக்கை யார் முன்னால் நீட்டுவது என்பதுதான் தெரியாது. அதைச் சொல்கிற கடிதத்தைத் தனியே எடுத்துவைப்பார்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், அம்மாவிடம் கேட்டுவிட்டு இப்படி எழுதுவேன்: 'என் அம்மா காலையில் ஒரு டம்ளர் காப்பி குடிப்பார். அதற்கப்புறம் சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. தோட்டத்தில் ஒதுங்க இடம் இல்லை. ஜீப்பில் வரும் மற்ற பெண்களும் அப்படித்தான். அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் பேசத் தயாராக இருக்கிறார்கள். விடியற்காலை ஜீப் கிளம்பும்போது பதிவு செய்யலாம்.' அவ்வளவுதான். கீழே உங்கள் தொலைபேசி எண்.

தண்ணீர் குடிக்காத பகல்தான் உங்கள் கதை. ஜீப் அதற்கு வாசல். இரண்டையும், கூலியையும், பி.எஃப். பிரச்சினையையும் ஒரே கடிதத்தில் திணித்தால் எதுவும் நிற்காது. மற்றதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அம்மா போகிற தோட்டம் எவ்வளவு பெரிது என்று கேளுங்கள். தோட்டத் தொழிலாளருக்குக் குடிநீரும் கழிப்பறையும் தர வேண்டும் என்று 1951-லேயே சட்டம் போட்டார்கள். தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஆனால் 2025 வரை இருந்த அந்தச் சட்டம் பொதுவாக ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் உள்ள தோட்டங்களுக்குத்தான் பொருந்தியது. ஏலத்தில் சின்னத் தோட்டக்காரர்கள் ஏராளம். இரண்டு ஏக்கர்க்காரரைப் பெரிய எஸ்டேட் முதலாளி மாதிரி எழுதி, அவர் ஒரு போன் போட்டு மறுத்துவிட்டால் தயாரிப்பாளர் தலையில் இடி. அப்புறம் கம்பம் என்ற பெயர் போட்ட கடிதத்தையே பிரிக்க மாட்டார். மறுதரப்பில் யாரைக் கேட்கலாம் என்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள்: தோட்டக்காரர், ஜீப் ஓட்டுநர், தொழிலாளர் துறை அதிகாரி. ஓட்டுநரை விட்டுவிடாதீர்கள். எங்கே ஏற்றுகிறார், எங்கே நாலு பேரை இறக்கி நடக்கவிட்டு மறுபடி ஏற்றுகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மனசு வைத்தால் நன்றாகப் பேசுவார்.

ரேடியோவுக்கு அனுப்புகிறீர்கள், காதால் யோசியுங்கள். பழைய ஆட்கள் இதை ஒலிச்சித்திரம் என்பார்கள். ஜீப் இருமிக்கொண்டு ஸ்டார்ட் ஆவது, தூக்குவாளி இடிபடுவது, 'இன்னும் கொஞ்சம் நவுந்து உக்காரு' என்று ஒரு குரல். போனில் நாற்பது நொடி எடுத்தாலே போதும். எடுக்கும்போது நீங்கள் பேசாதீர்கள். காற்று அடித்தால் துண்டை லேசாகப் போனின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் போட்டால் சத்தம் நசுங்கிவிடும், ஃபைலாக இணைத்து மெயிலில் அனுப்புங்கள்.

இன்னொன்று எல்லைக்காரர்களுக்கு மட்டும். ஏறுவது தமிழ்நாட்டில், இறங்கி வேலை செய்வது கேரளத்தில். கோடை பண்பலை 100.5-ஐ இரண்டு பக்கத்துத் தமிழர்களும் கேட்கிறார்கள். ஆனால் தோட்டத்தைக் கேள்வி கேட்கிற அதிகாரி கேரள அரசுக்காரர், அவர் காதில் விழுவது மலையாளம். அதனால் ஒரே கதைக்கு இரண்டு கடிதம். தமிழ் நிகழ்ச்சிக்கு அம்மாவின் பேச்சை முன்னால் வையுங்கள். மலையாள நிகழ்ச்சிக்குத் தோட்டத்தின் இடத்தையும், யார் பொறுப்பு என்பதையும் முன்னால் வையுங்கள். மலையாளத்தில் எழுத வராவிட்டால் அங்கே படித்த பிள்ளை ஒருவரைப் பிடியுங்கள். நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சம் இல்லை.

நாங்கள் இருப்பது எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். மழைக்கு ஒழுகுகிறது, பின்பக்கச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. ஒரு அக்கா ரேடியோவில் பேசச் சம்மதித்திருக்கிறார். பெயரை மாற்றிச் சொன்னால் போதும்தானே?
– வாசகி, வண்டிப்பெரியாறு

போதாதும்மா. இதை நான் சுலபமாகச் சொல்லவில்லை, என் தலையில் இருக்கிற கணக்கு இது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்தின் எடையில் கழித்துப் பிடிப்பதைப் பற்றி ஒரு பெண்ணைப் பேசவைத்தேன். பெயரை மாற்றினேன், ஊரைச் சொல்லவில்லை. ரொம்பக் கெட்டிக்காரத்தனம் செய்ததாக நினைப்பு. அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'ஆமா பின்னே' என்று சொல்கிற பழக்கம். ஒலிபரப்பான அன்று ராத்திரியே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது, மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், வேலை வாங்குகிற கங்காணிக்கும் தெரிந்துவிட்டது. எடை போடுகிற இடத்திலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற செங்குத்தான தேயிலைக் காட்டில் அவரை மூன்று மாதம் போட்டார்கள். நான் பார்க்கப் போனபோது திட்டவில்லை, காப்பி கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

பத்திரிகையில் முகத்தை மறைக்கலாம். ரேடியோவில் குரல்தான் முகம். நாற்பது குடும்பம் இருக்கிற இடத்தில் இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதனால் கடிதத்திலேயே எழுதுங்கள்: 'பேசுபவர் அடையாளம் தெரியக் கூடாது. அவர் சொன்னதை வேறொருவர் வாசிக்க வேண்டும். ஒலிபரப்புக்கு முன் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.' இதற்கு ஒப்புக்கொள்ளாத நிகழ்ச்சிக்கு அந்த அக்காவைக் கொடுக்காதீர்கள். விஷயம் பாலியல் வன்முறையாகவோ சிறு பிள்ளைகள் சம்பந்தப்பட்டதாகவோ இருந்தால் அடையாளத்தை வெளியிடுவதே சட்டப்படி குற்றம். பெயர் மட்டுமல்ல, பள்ளிக்கூடம், தெரு, அப்பா பெயர் எதுவும் வரக் கூடாது.

நேரத்தையும் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதை நினைவுகூர்கிறார்கள். வானொலியில் மூன்று மாதத்துக்கு முன்பே பட்டியல் போட்டுவிடுவார்கள். எனவே லயத்தின் விரிசலைப் பற்றி ஏப்ரலில் எழுதுங்கள், ஜூலைக் கடைசியில் எழுதினால் அடுத்த வருஷம்தான். பெட்டிமுடியின் கண்ணீரை அவர்கள் வேறு ஆட்களை வைத்தும் செய்துகொள்வார்கள். உங்கள் லயத்துச் சுவரில் விரல் நுழைகிறதா, எப்போதிலிருந்து, யாரிடம் சொன்னீர்கள் என்பதை உங்களால்தான் தர முடியும்.

புள்ளிவிவரம் நிறையச் சேர்த்தால் நம்புவார்கள் அல்லவா?
– வாசகர், போடிநாயக்கனூர்

இரண்டு மூன்று போதும். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைப் பெண்கள் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று சாலையில் உட்கார்ந்தார்களே, அப்போது நாள் கூலி 232 ரூபாய். கேட்டது 500. பிறகு கிடைத்தது 301. இந்த மூன்றையும் காதால் கேட்டவர்களுக்கு மறக்காது. இருபது எண்களை அடுக்கினால் கேட்பவர் எழுந்து சோற்றை இறக்கப் போய்விடுவார்.

பணம் தருவார்களா?
– வாசகர், பொள்ளாச்சி

ஐடியாவுக்கு மட்டும் தந்து நான் பார்த்ததில்லை. நீங்களே எழுதிக் குரல் கொடுத்தால் சிறு தொகை வரலாம். பஸ் செலவுக்குச் சரியாக இருக்கும்.

என் தாத்தா காலத்திலிருந்து மூணாறில் இருக்கிறோம். எஸ்.சி. சான்றிதழ் கேட்டால் 1950-க்கு முன் வந்ததற்குக் காகிதம் எங்கே என்கிறார்கள். இது வெறும் ஆபீஸ் விவகாரம், ரேடியோவில் எடுபடாது என்கிறார் நண்பர்.
– வாசகர், மூணாறு

நண்பர் தப்பு. பட்டியல் சாதிகளுக்கான ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. அதற்குப் பிறகு இன்னொரு மாநிலத்துக்குப் போனவர்களுக்குச் சொந்த மாநிலத்தில்தான் அந்தச் சலுகை. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் பொதுப் பிரிவு. இதை விளக்கிக் கடிதம் எழுதினால் தயாரிப்பாளருக்குக் கொட்டாவி வரும். காகிதம் தேடி நீங்கள் ஏறி இறங்கின கதையை எழுதுங்கள். எஸ்டேட் ஆபீஸின் பழைய செக்ரோல் என்கிற வேலைப் பதிவேடு, பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருந்த தகரப்பெட்டி, இப்படி எங்கெங்கே போனீர்கள்? வீட்டில் பாட்டி இருந்தால், எந்தக் கணவாய் வழியாக ஏறி வந்தார்கள், என்ன மூட்டை தூக்கி வந்தார்கள் என்று கேளுங்கள். நினைவில் அவ்வளவும் இருக்கும், கையில் காகிதம் இருக்காது. நிகழ்ச்சி அங்கே தொடங்கிவிடும்.

தாலுகா ஆபீஸில் அலைக்கழித்தவர் மேல் இருக்கிற கோபம் புரிகிறது. ஆனால் அரசு வானொலிக்கு ஒரு கட்டுப்பாட்டு விதி உண்டு. அவதூறு கூடாது, எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது. தேதி போட்டு, மனுவின் நகலோடு, என்ன பதில் சொன்னார் என்று மட்டும் எழுதுங்கள். சூடு தானாக வரும்.

எங்கள் பக்கம் சமுதாய வானொலி ஆரம்பிக்கப் பேச்சு நடக்கிறது. அதில் தலித் தெருவின் தண்ணீர்ப் பிரச்சினையைச் செய்தியாகச் சொல்ல முடியுமா?
– வாசகி, நகரி, ஆந்திரம்

செய்தி என்ற பெயரில் முடியாது. 2006-லிருந்து தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று விட்டார்கள். ஆனால் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பத் தடை. ஆகவே 'தண்ணீர் வரவில்லை: மக்கள் போராட்டம்' என்று அனுப்பாதீர்கள். 'குடத்தோடு ஒரு காலை' என்று அனுப்புங்கள். தெருக்காரர்களே அனுபவத்தைச் சொல்லட்டும், பஞ்சாயத்துக்காரரை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஜஹீராபாத் பக்கம் மச்சனூரில் 2008-லிருந்து தலித் பெண்களே நடத்துகிற சங்கம் ரேடியோ இருக்கிறது. அப்போது அது உங்கள் ஆந்திரம், இப்போது தெலங்கானா. போய் ஒரு நாள் இருந்து பாருங்கள். தெலுங்கு தெரிந்த உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும்.

நீங்கள் முதன்முதலில் அனுப்பிய ஐடியா என்ன ஆயிற்று?
– வாசகி, சின்னமனூர்

திரும்பி வந்தது. குமுளி பஸ் ஸ்டாண்டில் சுமை தூக்குகிறவர்களைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'இதில் ஒரு ஆள்கூட இல்லையே?' ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கூடவே உட்கார்ந்தேன்.