காலிப் பக்கங்களை இப்போது நிரப்பாதீர்கள்

கேள்வி: லெட்டூஸ், பசலை இலைகளைக் கழுவி, நறுக்கி, அப்படியே சாப்பிடும்படி பாக்கெட்டில் அடைத்து விற்கிறேன். ஒரே லாட்டை (ஒரே எண்ணில் தயாரான தொகுதியை) சாப்பிட்ட சிலருக்கு, சிறுநீரகத்தையும் பழுதாக்கக்கூடிய குடல் கிருமியான ஈ.கோலை ஓ157 தொற்று வந்து, நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். இலை தந்த விவசாயிதான் காரணம். எங்கள் ஆய்வக அறிக்கையில் கிருமி இல்லை. பல வருட நற்பெயர் போகிறது. கழுவும் நீரின் பதிவேட்டில் அன்று சில பக்கங்கள் காலி. மேற்பார்வையாளர் எழுதித் தருகிறேன் என்கிறார். வழக்காடலாமா?

பதில்: நற்பெயரும் விவசாயி மீதுள்ள கோபமும் இந்த வழக்கில் எடுபடாது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிதான் வழக்கே. அந்த லாட் தொட்டியில் இருந்த நேரத்தில் நீரில் குளோரின் எவ்வளவு, பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) எவ்வளவு என்று காட்ட முடியுமா?

குளோரின் நீரில் கழுவினால் இலைமேலுள்ள கிருமி பெரும்பாலும் பத்தில் ஒன்றாகவோ நூறில் ஒன்றாகவோதான் குறையும். அதற்குப் பின் வேகவைக்கும் கட்டமும் கிடையாது. ஒரு இலையின் கிருமி நீர் வழியாக மற்ற இலைகளுக்குப் பரவாமல் தடுப்பதுதான் குளோரினின் முக்கிய வேலை. மண்ணும் நறுக்கிய இலையின் சாறும் சேரச் சேர அது தீர்ந்துபோகும். பிஎச் 7.5-ஐத் தாண்டினால் மிச்சமிருப்பதும் மந்தமாகிவிடும். ஆகவே, விவசாயி ஒரு கூடையில் கொண்டுவந்ததை உங்கள் தொட்டி லாட் முழுக்கப் பரப்பியது என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும். அதை மறுக்க உங்களிடம் அந்தப் பக்கங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. பல நாடுகளில் குறையுள்ள பொருள் என்று நிரூபித்தாலே போதும், கவனக்குறைவைக் காட்ட வேண்டியதே இல்லை. ஆய்வக அறிக்கையை நம்பாதீர்கள். கிருமி பாக்கெட்டுகளில் சமமாகப் பரவியிருக்காது. 25 கிராம் மாதிரியில் இல்லையென்றால் அந்த 25 கிராமில் இல்லை, அவ்வளவுதான்.

இனி நான் உண்மையில் பயப்படுவது. காலிப் பக்கத்தைப் பின்னால் நிரப்பிய கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா நேரத்துக்கும் ஒரே அளவு, ஒரே பேனா, ஒரே கையெழுத்து. குறுக்கு விசாரணையில் மீட்டரின் நினைவகம், குளோரின் வாங்கிய பில், வருகைப் பதிவு எல்லாம் வந்து நிற்கும். அதுவரை பணம் சம்பந்தப்பட்டதாக இருந்த வழக்கு அந்த நிமிடமே போலி ஆவணக் குற்றமாகிவிடும். காப்பீட்டு நிறுவனமும் கைகழுவிவிடலாம். மேற்பார்வையாளர்தானே எழுதினார் என்று தப்பிக்கவும் முடியாது, உங்களுக்குத் தெரிந்தே நடந்தது. பக்கங்கள் காலியாகவே இருக்கட்டும். பழைய சோதனை முடிவுகளில் பாதகமானது இருந்தாலும் ஒன்றையும் அழிக்காதீர்கள். நோயாளியிடம் எடுத்த கிருமியையும் உங்கள் ஆலையில் எடுத்ததையும் மரபணு வரிசை வைத்து இன்று ஒப்பிட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, இது வழக்கைவிட முக்கியம். அந்த லாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே தொட்டியைக் காலி செய்து, இயந்திரத்தைச் சுத்தம் செய்தீர்களா? இல்லையென்றால் லாட் எண் மாறியதில் அர்த்தமில்லை. அதற்கு முன் செய்த சுத்திகரிப்பிலிருந்து அடுத்தது வரை கழுவிய எல்லாமே சந்தேகத்துக்குரியவை. உடனே அதிகாரிகளுக்குத் தெரிவித்துத் திரும்பப் பெறுங்கள். தெரிந்த பிறகும் விற்ற ஒரு பாக்கெட்டால் இன்னொரு குழந்தையின் சிறுநீரகம் பழுதானால் அதற்கு என்னிடம் வாதமே இல்லை.

சரி, வழக்காடலாமா? வேண்டாம், சமரசம் பேசுங்கள். அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். அவர்கள் சம்மதமில்லாமல் தொகை பேசினால் காப்பீடே கிடைக்காமல் போகலாம். விவசாயிக்கும் இப்போதே எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். அவர் பங்கை வசூலிக்கும் உரிமை உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், என்னைக் கேட்காமலே பணம் கொடுத்துவிட்டாய் என்று அவர் பின்னால் சொல்ல இடம் இருக்கக் கூடாது.