நடந்தும் எடை குறையவில்லை என்றால் நடப்பதை நிறுத்திவிடலாமா?

மூன்று மாதமாகத் தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து 45 நிமிடம் நடக்கிறீர்கள். ஆரம்பித்தபோது 74 கிலோ, இன்றும் அதே 74. "பேசாமல் நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் தூங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடப்பதை நிறுத்தாதீர்கள். தூக்கத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு 53 வயது. திருச்சியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வி எனக்கும் வந்தது. அப்போது என் எடை 68 கிலோ, வெறும் வயிற்றில் சுகர் 112, சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம். மருத்துவர் "எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், நடங்கள்" என்றார். நடந்தேன். எடை இறங்கவே இல்லை. இத்தனைக்கும் உடம்பு ஆற்றலை எப்படிச் சேர்த்துச் செலவழிக்கிறது என்ற பாடத்தை வகுப்பில் நடத்துகிறவள் நான். ஆனால் அந்தப் பாடத்தை என் உடம்போடு சேர்த்து யோசித்துப் பார்த்தது அப்போதுதான்.

முதலில் உங்கள் கணக்கைப் போட்டுவிடுவோம். நாம் செலவு செய்யும் ஆற்றலில் 60 முதல் 70 சதவீதம், சும்மா படுத்துக் கிடந்தாலும் போய்விடும். கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு ஓய்வே கிடையாது. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் படுத்திருக்கும்போது செலவாவதில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது. சாப்பிட்டதைச் செரிக்கவே பத்து சதவீதம் ஆகும். மிச்சம் இருப்பதுதான் சமையல், படி ஏறுவது, பஸ்ஸுக்கு ஓடுவது, உங்கள் காலை நடை எல்லாவற்றுக்கும் சேர்த்து.

74 கிலோ எடையுள்ளவர் நல்ல வேகத்தில் 45 நிமிடம் நடந்தால், உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது 140 கலோரி அளவுதான். சர்க்கரை போட்ட ஒரு காபியும் நாலு பிஸ்கட்டும் அதைச் சரிக்கட்டிவிடும். உடம்பில் உள்ள ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறக்குறைய 7700 கலோரி செலவாக வேண்டும். அப்படியென்றால் மூன்று மாதத்துக்கு நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதே ஒன்றரை கிலோதான். அதுவும் வழக்கத்தைவிட ஒரு வாய்கூட அதிகம் சாப்பிடாமல் இருந்தால்! நடந்துவிட்டு வந்தால் பசிக்கும், நாலு இட்லி ஐந்தாகும். உங்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை, உடம்பின் வழக்கமே அதுதான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. டான்சானியாவின் வடக்கே ஹட்சா என்ற மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிறார்கள். ஆண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பதினோரு கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஹெர்மன் போன்ட்ஸர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இவர்களுக்குக் கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். அடுத்து வரும் நாட்களில் சிறுநீரில் அந்த இரண்டும் எந்த வேகத்தில் குறைகின்றன என்று பார்த்தால், உடம்பு மொத்தம் எவ்வளவு ஆற்றலைச் செலவழித்தது என்று கணக்கிட்டுவிடலாம். 2012இல் முடிவு வெளிவந்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், ஹட்சா மக்களின் ஒரு நாள் செலவும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களின் ஒரு நாள் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான்! நிறைய நடக்கும் உடம்பு வேறு இடங்களில் சிக்கனம் பிடிக்கிறது என்பது போன்ட்ஸர் தரும் விளக்கம். தேவையில்லாத அழற்சி, மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் போன்ற வீண் செலவுகளைத்தான் உடம்பு குறைக்கிறது என்கிறார். இந்த ஈடுகட்டல் எவ்வளவு பெரியது என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் நடக்கிறது. ஆனால் ஹட்சா மக்களிடம் இரத்தக்கொதிப்பும் இதய நோய்க்கான அறிகுறிகளும் மிகக் குறைவு என்பதும் ஆய்வில் தெரிந்ததே. செலவு ஒன்றாக இருந்தும் உடம்பு வேறாக இருக்கிறது. உங்களுக்கும் இதையேதான் சொல்ல வருகிறேன். நடையின் பலன் எடைத் தட்டில் தெரிவதில்லை.

சரி, அது எங்கே தெரியும்? எனக்கு முதலில் தெரிந்தது என் விரல் நுனியில்.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று இட்லி, சாம்பார், ஒரு கரண்டி பொங்கல் சாப்பிட்டுவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் 178. அடுத்த ஞாயிறு அதே சாப்பாடு, அதே அளவு, அதே நேரம். இந்த முறை கை கழுவிய கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு உத்திர வீதியில் இருபது நிமிடம் நடந்தேன். வேகமெல்லாம் இல்லை, தெரிந்தவர்களைப் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுகிற நடைதான். ஒரு மணி நேரம் கழித்து 139. எனக்குச் சந்தேகம், இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தேன். 141. மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை, ஒரு இட்லிகூடக் குறைக்கவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தசைக்குள் போக வாசல் வேண்டும். அந்த வாசல்கள் குளூட்4 என்ற புரதங்கள். சும்மா இருக்கும்போது அவை செல்லுக்குள்ளே முடங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து கூப்பிட்டால் செல்லின் மேற்பரப்புக்கு வந்து நிற்கும், சர்க்கரை உள்ளே போகும். என்னைப் போல எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும், இன்சுலின் கூப்பிட்டாலும் இந்த வாசல்கள் சட்டென்று எழுந்து வருவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்தால், இன்சுலின் கூப்பிடாமலே அவை மேலே வருகின்றன. இரண்டும் வேறு வேறு வழிகள். இன்சுலின் வழி அடைபட்டவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. இதை நான் வகுப்பில் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் ஒரு சுகர்க்காரர் இருக்கிறார்.

அப்புறம் குதிர் கணக்கு. எங்கள் தாத்தா வீட்டில் நெல் குதிர் ஒன்று இருந்தது. போன வருடத்து நெல்லை எடுத்துச் சாப்பிட்டுத் தீர்க்காவிட்டால் இந்த வருடத்து நெல்லுக்கு இடம் இருக்காது, முற்றத்தில் கொட்டிக் கிடக்கும். தசையும் அப்படித்தான் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது. உடம்பிலுள்ள தசை எல்லாம் சேர்ந்து 400 கிராம் அளவுக்கு வைத்துக்கொள்ளும், கல்லீரல் 100 கிராம் அளவுக்கு. தசை என்னும் குதிரில் உள்ளதை வேலை செய்துதான் காலி பண்ண முடியும். உட்கார்ந்தே இருந்தால் குதிர் நிறைந்தே இருக்கும், அடுத்த வேளைச் சோற்றின் சர்க்கரை இரத்தம் என்னும் முற்றத்தில் கிடக்கும். ஒரு நாள் நன்றாக நடந்தால் அல்லது மாடிப்படி ஏறினால், இன்சுலினுக்குத் தசை காது கொடுக்கும் தன்மை அடுத்த ஒன்றிரண்டு நாள்வரை கூடியிருக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மொத்தமாக நடப்பதைவிடத் தினமும் கொஞ்சம் நடப்பது மேல்.

என் உடம்பு மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டு முடிவில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்குத்தான். சுகருக்கான மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 40. அதாவது நடையும் உணவு மாற்றமும் மாத்திரைக்குச் சமமாக நின்றன. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: அந்த நடைக் குழுவினரின் எடை சொல்லும்படி குறையவே இல்லை. உங்களைப் போல, என்னைப் போல.

எட்டு மாதம் கழித்து என் எடை 67. மூன்று மாதச் சராசரி 5.7. காலையில் எழுந்ததும் பார்க்கும் நாடித்துடிப்பு 84இலிருந்து 72க்கு வந்திருந்தது. இதயம் ஒரு துடிப்பில் முன்பைவிட அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது, அதனால் துடிப்பின் எண்ணிக்கை குறைகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மனதில் ஆழமாகப் பதிந்தது. போன வருடம் என் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து வலது காலில் எலும்பு விரிசல் கண்டது. 76 வயது. மாவுக்கட்டு, மூன்று வாரம் படுக்கை. முதல் நாள் தையல் டேப்பால் அம்மாவின் இடது தொடையை, அதாவது அடிபடாத நல்ல காலின் தொடையை, அளந்து வைத்திருந்தேன். 43 சென்டிமீட்டர். மூன்று வாரம் கழித்து 41. அந்தக் காலுக்கு ஒன்றுமே ஆகவில்லை, வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான். முதல் முறை வாக்கரைப் பிடித்துக் குளியலறைவரை நடந்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தவருக்கு மூச்சு வாங்கியது. நாடி 128. "கால்தானேடி ஒடிஞ்சுது, மூச்சு ஏன் இப்படி வாங்குது?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அம்மா கேட்டதற்குப் பதில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966இல் நடந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து, அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனை அளந்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை ஐம்பது வயதில் மறுபடி அளந்தார்கள். முப்பது வருட வயது செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம். இருபது வயதுப் பையன்களுக்கே அப்படி என்றால் அம்மாவை யோசித்துப் பாருங்கள். நல்லவேளையாக அங்கே ஐம்பது வயதிலும் பயிற்சி கொடுத்ததும் இழந்ததைப் பெரும்பாலும் மீட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து தடவை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். நாலாவது மாதம் கைப்பிடியில் கையை ஊன்றாமல் எழுந்தார். இப்போது வாசலுக்குப் போய் அவரே கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுகிறார்.

எடை குறையாமலே இதயத்துக்கு நல்லது நடக்குமா என்ற சந்தேகம் வரும். லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் இரட்டை மாடிப் பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953இல் வெளியிட்டார். நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டியவர்களைவிட மாரடைப்பு குறைவு. நடத்துநர்கள் ஒல்லியாக இருப்பதால்தானோ என்று சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவையும் வாங்கிப் பார்த்தார். ஒல்லியானவரோ தொந்தி போட்டவரோ, நடத்துநருக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. மோரிஸ் 99 வயதுவரை வாழ்ந்தார்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. எடை இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தொப்புள் உயரத்தில் இடுப்பை டேப்பால் அளந்து எழுதுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 தாண்டக்கூடாது. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். வாரத்துக்கு 150 நிமிட நடை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நீங்கள் அதைத் தாண்டியே நடக்கிறீர்கள். ஆனால் அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்குப் பளு தரும் வேலையும் வேண்டும் என்கிறது, அதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது எல்லாம் கணக்குதான். எடையும் குறைந்தே ஆக வேண்டும் என்றால் அதற்குச் சாதத்தின் அளவில்தான் கைவைக்க வேண்டும், நடையைக் கூட்டிப் பயனில்லை. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் நடை நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது போல் இருந்தால் அங்கேயே நின்றுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது தூக்கம். இரவு பதினொன்றரைக்குப் படுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம்தான். அது போதாது. தூக்கம் குறைந்தால் பசி கூடும், இன்சுலினுக்குத் தசை காது கொடுப்பதும் குறையும். அதனால் காலை நடையை விட்டுவிட்டு ஆறு மணிவரை தூங்குங்கள். அந்த 45 நிமிடத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.